கிராஃபைட் மூசை: விரிசலும் உடைவும்

கிராஃபைட் மூசை, களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்து சுட்ட, உலோகம் உருக்கும் கலம். இதைக் குகை என்றும் சொல்வர். இதன் சுவர் முழுவதும் நுண்துளைகள். சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையின் நகை வணிகத்தில் பழைய நகை புதியதாக மாற வேண்டுமானால், 1,064 பாகை செல்சியசில் உருகும் பொன்னை இப்படியொரு கலம்தான் தாங்க வேண்டும்.

வரலாறு

கரி கலந்த மூசை தமிழகத்துக்குப் பழையது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் உருக்கு செய்த மூசைகளின் ஓடுகள் கிடைத்தன. 1990களில் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அவற்றை ஆராய்ந்தார். மண்ணோடு பிசைந்த நெல் உமி சூட்டில் கரிந்து, கரியும் சிலிக்காவும் உள்ளே தங்கிக் கலத்துக்கு வலுவூட்டின. 1856இல் லண்டன் பேட்டர்சியில் மார்கன் சகோதரர்கள் கிராஃபைட் மூசை ஆலை தொடங்கினர். இத்தொழிலுக்கு இலங்கைக் கிராஃபைட் முக்கிய மூலப்பொருளானது. தமிழகத்திலும் கிராஃபைட் உண்டு; சிவகங்கைப் பகுதியில் கிடைப்பது செதில் வகை.

உடையும் விதம்

நொறுங்கும் பொருள்கள் உடையக் காரணம், முன்பே உள்ள கீறலின் முனையில் விசை குவிவதே என்று 1921இல் பொறியாளர் கிரிஃபித் காட்டினார். கிராஃபைட்டில் இத்தகைய தொடக்கப் புள்ளிகள் ஏராளம். ஆனாலும் அது கண்ணாடிபோல் சட்டென்று பிளப்பதில்லை. விரிசல் துளைக்குத் துளை வளைந்து, கிளைத்து, வேகம் இழக்கிறது. ஆறும்போது கிராஃபைட்டின் அடுக்குகள் திசைக்குத் திசை வேறு அளவில் சுருங்குவதால் நுண்பிளவுகள் விழுகின்றன. 1950களில் இதை இயற்பியலாளர் மிரோசொவ்ஸ்கி விளக்கினார். மறுபடி சூடேறும்போது விரிவுக்கு இடம் கொடுப்பவை இந்தப் பிளவுகளே.

பட்டறையில்

விரிசலின் வேகத்தைக் குறைத்துப் பாதுகாக்கும் அதே துளையில் ஈரம் தங்கினால் ஆபத்து. திடீர்ச் சூட்டில் அது நீராவியாகிச் சுவரைப் பிளக்கும். அதனால் மூசையை உலர்வாக வைத்து, மெல்லச் சூடேற்றுகிறார்கள். உருக்கும்போது சேர்க்கும் வெங்காரம் மிஞ்சினால் மூசையின் மேற்பூச்சு அரிக்கப்படும். அவ்வழியே புகும் காற்று கிராஃபைட்டை எரித்துச் சுவரை மெலியச் செய்யும். அடியில் உறைந்த பொன்னை அப்படியே விட்டு மீண்டும் காய்ச்சினால், உலோகம் மூசையைவிட அதிகம் விரிந்து சுவரை நெட்டித் தள்ளும்.

சோதிக்கும் வழி எளியது. ஆறிய மூசையை விரலால் தட்டும்போது கணீரென ஒலித்தால் நலம். ஒலி மந்தமானால் உள்ளே விரிசல். அந்த ஒலியைக் கவனியாமல் உருக்கினால், பொன் கசிந்து அடுப்புச் சாம்பலில் சேரும்.