சேறும் பனியும் செங்குத்தும்: ஊர்ப்புறக் குடும்ப வண்டியின் வரலாறு

ஊர்ப்புறத்தில் வாழும் ஒரு குடும்பம் நான்கு சக்கரங்களும் இயங்கும் காரொன்றை வாங்க எண்ணினால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? இது விலைப்பட்டியல்களுக்கும் விளம்பரங்களுக்கும் உரிய வினா என்று இலக்கிய வாசகர் ஒதுக்கிவிடக்கூடும். ஆயினும் இவ்வினாவுக்குள் ஒரு சமூக வரலாறு மறைந்திருக்கிறது. சாலை இல்லாத இடத்தில் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், அச்சாலை இன்மையின் விலையை யார் கொடுத்தனர் என்பதே அவ்வரலாறு. அதனைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

நான்கு சக்கர இயக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது போர்க்களத்து ஜீப்தான். 1940இல் அமெரிக்கப் படைத்துறை விடுத்த அழைப்பின்பேரில் உருவான அவ்வண்டி, இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. போர் ஓய்ந்ததும் அது வயலுக்கு வந்தது. 1945இல் வில்லிஸ் நிறுவனம் அதன் குடிமக்கள் வடிவத்தை உழவரை நோக்கியே விற்கத் தொடங்கியது. பிரித்தானியாவில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவிலிருந்த தம் நிலத்தில் போரில் மிஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிப்பட்டது. எஃகு தட்டுப்பாடாக இருந்த காலமாதலின் அதன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது.

ஆனால் இவையெல்லாம் உழுகருவியின் உறவினர்கள். ஏரும் கலப்பையும் போல வேலைக்கு உகந்தவை. பாட்டியையும் கைக்குழந்தையையும் விதைமூட்டையையும் ஒருசேர ஏற்றிக்கொண்டு, குளிரிலும் மழையிலும் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லத்தக்க குடும்ப வண்டிகள் அல்ல. அத்தகைய வண்டி எவ்வாறு தோன்றியது என்பதே நாம் காண விழைவது.

அதற்குமுன் இயக்கத்தைப் பற்றி ஒரு சொல். வழக்கமான காரில் எஞ்சினின் ஆற்றல் இரண்டு சக்கரங்களுக்கே செல்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் மிகுதியாகவும் உட்புறச் சக்கரம் குறைவாகவும் சுழலவேண்டியிருப்பதால், இடையில் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால் இவ்வமைப்பே பகையாகிறது. வழுக்கும் சக்கரம் சுழன்று குழி பறிக்க, உறுதியான நிலத்திலுள்ள சக்கரம் வாளாவிருப்பதை மழைக்காலத்தில் நாம் கண்டிருக்கிறோம். நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் சென்றால் எஞ்சிய இரண்டும் வண்டியை மீட்கும். ஆனால் வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே அளவு சுழல்வதில்லை. ஆகவே நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியல் வைத்து எப்போதும் நான்கு சக்கரங்களையும் இயக்குவது ஒரு வழி. அது இல்லாமல், வேண்டும்போது மட்டும் ஒரு லீவரால் மற்ற இரண்டைச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. பின்னதைக் காய்ந்த தார்ச்சாலையில் சேர்த்தபடியே ஓட்டினால் அச்சும் பற்சக்கரமும் முறுக்கேறி வருந்தும். எது ஏற்றது என்பதை அவ்வவ்வூர்ச் சாலையே முடிவு செய்தது. மூன்று நிலங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது ரஷ்யா. பனி உருகும் வேனில் தொடக்கத்திலும் மழை பொழியும் கூதிர்காலத்திலும் அந்நாட்டு மண்சாலைகள் சேற்றாறாக மாறும். ரஸ்புதீத்ஸா என்று அப்பருவத்துக்குத் தனிப்பெயரே உண்டு. நெப்போலியனின் படையும் ஹிட்லரின் படையும் அறிந்த சேறு அது. 1955இல் அந்நாட்டார் தம் பொபேதா காரின் உடலில் நான்கு சக்கர இயக்கத்தைப் பொருத்தி எம்-72 என்ற வண்டியைச் செய்தனர். சில ஆயிரங்களோடு 1958இல் அது நின்றுவிட்டது. பின்பு 1970இல் சோவியத் பிரதமர் கொசிகின், வோல்கா நதிக்கரையில் தொல்யாத்தி நகரில் புதிதாக எழுந்திருந்த கார்த் தொழிற்சாலையிடம் ஊர்ப்புற மக்களுக்கென ஒரு காரை வடிவமைக்கச் சொன்னார். பியோத்ர் புருசோவ் முதலான பொறியாளர்களின் உழைப்பில், 1977 ஏப்ரலில் நீவா உற்பத்திக்கு வந்தது.

நீவாவின் நீளம் ஏறத்தாழ 3.7 மீட்டர், எடை 1,150 கிலோ அளவு, எஞ்சின் 1.6 லிட்டர். ஜீப்புக்குரிய தனிச்சட்டம் இதற்கு இல்லை, உடலே சட்டம். கம்பிச்சுருள் வில்களின்மேல் அமர்ந்திருந்ததால் கட்டைவண்டிபோலக் குலுக்காது. எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும். சேறு மிகும்போது நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம். பாதி தாரும் பாதி மண்ணுமாகக் கிடக்கும் வழிக்கு இது மிகப் பொருந்தியது. இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. இதன் எஞ்சினும் உறுப்புகள் பலவும், நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த ழிகுலி கார்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சிற்றூர்ப் பழுதுபார்ப்பவர் கைக்கு ஏற்கெனவே பழகியவை.

இவ்விடத்தில் நம் புறநானூறு நினைவுக்கு வருகிறது. மேடும் பள்ளமுமான நெடுவழியில் என்ன நேருமோ என்று எண்ணி, உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்லும் செய்தி ஔவையார் பாட்டில் உண்டு. ஊரைவிட்டு நீங்கிய இடத்தில் உடைந்தால் எப்படி மீள்வது என்பதே நெடுவழி வண்டிக்குரிய முதல் வினா. உமணர் அதனை அறிந்திருந்தனர். நீவாவைச் செய்தவரும் அறிந்திருந்தனர். குறைகளும் இல்லாமல் இல்லை. பக்கக் கதவுகள் இரண்டே. பின்னிருக்கைக்கு முன்னிருக்கையை மடித்துத்தான் நுழையவேண்டும். மூட்டை வைக்கும் இடமோ மிகச் சிறிது. ஐந்து கதவுகள் கொண்ட நீள வடிவம் 1990களில்தான் வந்தது.

இரண்டாவது நிலம் ஜப்பானின் வடகிழக்கான தொஹோக்கு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து மலைகளில் பனியாகக் கொட்டும் நாடு. அங்குள்ள தொஹோக்கு மின்நிறுவனத்தின் பணியாளர்கள் மாரிக்காலத்தில் மலையேறி மின்தடங்களைப் பார்வையிட வேண்டும். அதற்கு இருந்தவை ஜீப்புகளே. கித்தான் கூரையின்கீழ் குளிரில் விறைத்தபடி செல்வது பெரும்பாடு. வெப்பமும் வசதியும் உள்ள சாதாரண காரிலேயே நான்கு சக்கர இயக்கம் கிடைக்குமா என்று அந்நிறுவனம் வினவியது. மியாகி மாவட்டத்துச் சுபாரு விற்பனையகம் அவ்வினாவை ஏற்று, சுபாரு காரொன்றின் பின்புறத்தில் வேறொரு நிறுவனக் காரின் பின்னச்சு உறுப்புகளைப் பொருத்தி முன்மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தது. சுபாருவில் எஞ்சின் நீளவாட்டில் அமைந்து கியர்ப்பெட்டி அதன் பின்னால் இருந்தமையால், அங்கிருந்து ஒரு தண்டை நீட்டிப் பின்சக்கரங்களை இயக்குவது எளிதாயிற்று.

1971இல் டோக்கியோ கண்காட்சியில் அம்முயற்சியின் பயன் காட்டப்பட்டது. 1972இல் லியோனே என்னும் கார் நான்கு சக்கர இயக்கத்தோடு விற்பனைக்கு வந்தது. பின்புறம் முழுதும் பொருள் ஏற்றத்தக்க தாழ்ந்த கார் அது. உலர்ந்த சாலையில் முன்சக்கரங்களால் ஓடும். பனியைக் கண்டால் லீவரை இழுத்துப் பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மின்பணியாளருக்கென்று பிறந்த வண்டி விரைவில் பனிநாட்டு வீடுகளின் வண்டியாயிற்று. 1975இல் அமெரிக்காவுக்குச் சென்று அங்கும் மலையும் பனியும் மிகுந்த மாநிலங்களில் வேர் பிடித்தது. ஜீப்பை ஓட்டத் தயங்கியவரும் ஓட்டத்தக்க வண்டி என்பதே அதன் வெற்றி. வீட்டில் ஒருவரே ஓட்டத்தக்க வண்டி, அவர் இல்லாத இரவில் வெறும் இரும்புதானே?

மூன்றாவது நிலம் இத்தாலியின் மலைப்பகுதி. அங்குப் பகை சேறன்று. செங்குத்தும் குறுகிய வளைவும்தான். ஜியுஜாரோ வடிவமைத்த ஃபியட் பாண்டா 1980இல் வெளிவந்தது. தட்டையான கண்ணாடிகளும் கழற்றித் துவைக்கத்தக்க இருக்கைத் துணிகளும் கொண்ட எளிய கார். 1983இல் ஆஸ்திரியாவின் ஸ்டையர்-புக் நிறுவனம் தந்த உறுப்புகளோடு அதன் நான்கு சக்கர வடிவம் வந்தது. எஞ்சின் 965 சிசி. ஆற்றல் 48 குதிரைத்திறன். எடை 740 கிலோ மட்டுமே. ஐந்து கியர்களுள் முதலாவது, ஏற்றத்தில் ஊர்ந்து செல்வதற்கென மிகத் தாழ்வாக அமைக்கப்பட்டது. சமநிலத்தில் இரண்டாம் கியரிலேயே புறப்படலாம். பெருவண்டிகள் திணறும் கல்பாவிய சந்துகளிலும் திராட்சைத் தோட்டத்துச் சரிவுகளிலும் இச்சிறுகார் ஏறிச்சென்றது. எடை குறைவே அதன் வலிமை. எடை மிகுந்த வண்டி சேற்றில் ஆழப் புதையும். இறக்கத்தில் நிற்க மறுக்கும்.

இதற்கு எதிர்த்திசையில் சென்ற வரலாறு ஒன்றும் உண்டு. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர், 1,700 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையது எனினும், தொடக்கத்தில் உழவரின் வண்டியே. சேறு படிந்த உட்புறத்தை நீர் பாய்ச்சிக் கழுவத்தக்கதாக வினைல் இருக்கைகளும் ரப்பர் விரிப்பும் கொண்டிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தோலிருக்கையும் மரப்பூச்சும் ஏறி, அது நகரத்துச் செல்வரின் அடையாளமாயிற்று. லண்டனின் செல்வர் வாழும் பகுதியொன்றின் பெயரால் இத்தகைய வண்டிகளைச் செல்சீ டிராக்டர் என்று அந்நாட்டார் எள்ளுவர். ஊர்ப்புறத் தேவையிலிருந்து பிறந்த பொருள் நகரத்துப் பெருமையாகும்போது அதன் விலையும் எடையும் கூடுகின்றன. பழுதுபார்க்க நகரத்துக்கே போகவேண்டியிருக்கிறது. உழவர் வாங்க எண்ணும்போது அவருக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை.

நம் மலைகளில் நிலைமை வேறு. வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் கோத்துத் தரத் தொடங்கியது முதல், ஜீப் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் வண்டியாயிற்று. ஆனால் குடும்பத்தின் வண்டியாகவில்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் தொழிலாளப் பெண்கள் அதில் நெருக்கி அமர்ந்து சென்றார்கள். நமக்கு அது ஓர் இருக்கைக் கூலி, உடைமையன்று. ஜீப் என்று நாம் அழைப்பவை எல்லாம் நான்கு சக்கர இயக்கம் உடையவையும் அல்ல. உருவம் ஒன்றாயிருக்க, பின்சக்கரங்களால் மட்டும் ஓடுபவை பல. வாங்குவோர் தோற்றத்தில் ஏமாறலாகாது என்பதற்கு இது சான்று.

ஆக, இம்மூன்று நிலங்களும் கற்பிப்பது என்ன? வண்டியைப் பார்க்குமுன் வழியைப் படிக்கவேண்டும். வழியின் பகை சேறா, வழுக்கலா, செங்குத்தா? ஆண்டில் எத்தனை நாள் அது வழிமறிக்கும்? சில நாள் மட்டுமெனில் லீவரால் சேர்க்கும் எளிய அமைப்பே போதும். தாரும் மண்ணும் நாள்தோறும் மாறிவரும் எனில் எப்போதும் நான்கும் இயங்குவது நலம். பழுது நேர்ந்தால் அருகிலுள்ளவர் பார்க்க இயலுமா? வீட்டிலுள்ள எத்தனை பேர் ஓட்ட இயலும்? முதியவர் ஏறி இறங்க இயலுமா? இவற்றுக்கு விடை கிடைத்தால் பெயரும் பெருமையும் தாமே பின்னுக்குச் செல்லும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. தடை போடும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரக் கார்களே. அங்குக் காப்பது டயரின் பிடிமானமும் ஓட்டுபவரின் நிதானமும்தான்.

கொசிகினின் ஆணையை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். சேற்றில் மூழ்கும் ஊர்களுக்கு அரசு தந்த விடை, சேற்றைக் கடக்கும் கார். சாலை பொதுச்சொத்து, போடுவது அரசின் கடன். கார் தனிச்சொத்து, வாங்குவது குடும்பத்தின் செலவு. சாலை வராத இடத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குச் சாலையை இரண்டு கூடுதல் அரைஅச்சுகளாகவும் ஒரு தண்டாகவும் விலைகொடுத்து வாங்கித் தன் வண்டியடியில் சுமந்து செல்கிறது. வாங்க இயன்ற குடும்பம் மழைநாளிலும் மருத்துவமனை சேரும். இயலாத குடும்பம் வெயிலுக்குக் காத்திருக்கும். நல்ல வண்டியைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை, ஐயமில்லை. அதனினும் நல்லது, அவ்வண்டி தேவைப்படாத ஒரு சாலையை ஊரார் கூடிக் கேட்டுப் பெறுவது.