முப்பத்தொரு பேரில் ஒருவர்

2010 மே மாதம் கோவையில் ஒரு ஹாஸ்டல் அறை. வெளியே கோடை மழை. லேப்டாப்பில் விட்டு விட்டு வந்துகொண்டிருந்த வீடியோவிலும் மழை. இத்தாலியின் மூன்று வார சைக்கிள் பந்தயமான ஜீரோ தித்தாலியாவின் பதினொன்றாம் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லூச்சேராவிலிருந்து லாக்விலா வரை 262 கிலோமீட்டர். முந்தைய ஆண்டு ஏப்ரல் 6 அன்று நிலநடுக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் லாக்விலா. அந்த ஊருக்கு மரியாதையாகத்தான் பந்தயத்தை அங்கே கொண்டுபோய் முடித்தார்கள்.

அறை நண்பன் எட்டிப் பார்த்தான். "யாருடா ஜெயிக்கிறது?"

"தெரியல. ஐம்பது பேருக்கு மேல முன்னாடி ஓடிட்டாங்க. பெரிய ஆளுங்க எல்லாம் பின்னாடி கிடக்குறாங்க."

"ஐம்பது பேரா? அப்ப பின்னாடி இருக்கிறதுதான்டா சின்னக் கூட்டம்!"

அவன் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. யெவ்கேனி பெத்ரோவ் என்ற ரஷ்யர் அந்தக் கட்டத்தை வென்றார். பாஸோ, நீபாலி, எவன்ஸ், அன்று இளஞ்சிவப்பு ஜெர்சி அணிந்திருந்த வினோகுரோவ் என்று கோப்பைக்குப் போட்டியிட்டவர்கள் எல்லாம் பன்னிரண்டரை நிமிடத்துக்கு மேல் கழித்து நனைந்த கோழிகளைப் போல் வந்து சேர்ந்தார்கள். மூன்று வாரப் பந்தயத்தை முப்பது விநாடியில் ஜெயிப்பதும் தோற்பதும் சகஜம். அங்கே பன்னிரண்டரை நிமிடம் என்பது ஒரு யுகம். அன்று மாலை தரவரிசையின் உச்சியில் இருந்தவர் ரிச்சி போர்ட். ஆஸ்திரேலியர், வயது 25, மூன்று வாரப் பந்தயம் ஒன்றில் ஓடுவது அதுதான் முதல் முறை.

எனக்கு அந்த இரவில் பெரிய சந்தோஷம். காரணம் சைக்கிள் மட்டுமல்ல. அந்தக் கல்லூரியில் நான் காத்திருப்போர் பட்டியலிலிருந்து சீட் வாங்கியவன். யாரோ ஒருவர் வராமல் போனதால் எனக்குக் கிடைத்தது. "அதிர்ஷ்டக்காரன்டா நீ" என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அது சுருக்கென்று தைக்கும். பெரிய ஆட்கள் அசந்த நேரத்தில் முன்னால் ஓடிப்போனவர்களின் மேல் எனக்கு வந்த பிரியம் அங்கிருந்து தொடங்கியது. அந்தப் பிரியம்தான் என்னை 1956க்கும், ரோஜே வால்கோவியாக் என்ற மனிதரிடமும் கூட்டிப்போனது.

*

முதலில், இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சைக்கிள் பந்தயத்தில் எதிரி மேடல்ல, காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் பெரும் உழைப்பை மிச்சம் பிடிக்கிறார். அதனால்தான் நூறு, நூற்றைம்பது பேர் ஒரே கூட்டமாக நகர்கிறார்கள். இந்தப் பெருங்கூட்டத்துக்குப் பெலோட்டான் என்று பெயர். அதிலிருந்து பிரிந்து முன்னால் ஓடும் சிறுகூட்டம் பிரேக்அவே. நாலைந்து பேர் ஓடினால் பெலோட்டான் கவலைப்படாது. நாள் முழுக்க அவர்களை வெயிலில் வாட விட்டுவிட்டு, கடைசி இருபது கிலோமீட்டரில் பிடித்துவிடும்.

ஆனால் முப்பது பேர், ஐம்பது பேர் ஓடினால் கணக்கு மாறிவிடுகிறது. முன்னால் மாற்றி மாற்றிக் காற்றை வாங்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமான விஷயம், ஏறக்குறைய எல்லா அணிக்கும் முன்னால் ஒரு ஆள் இருக்கிறார். சொந்த அணிக்காரர் முன்னால் ஓடும்போது பின்னாலிருந்து துரத்துவானேன்? ஆள் இல்லாத ஓரிரு அணிகள், "நாங்க மட்டும் ஏன் சாகணும்? நீயும் வந்து இழு" என்று அடுத்தவரைப் பார்க்கும். அடுத்தவர் வானத்தைப் பார்ப்பார். இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேரம் போய்விடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

*

1956 டூர் டி பிரான்ஸ் தொடக்கத்திலிருந்தே தலைவன் இல்லாத பந்தயம். 1953, 54, 55 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற லூயிசோன் போபே அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்தார். இத்தாலியின் ஃபாவ்ஸ்தோ கொப்பியும் இல்லை. இளைஞரான ழாக் ஆன்கெத்தில், பந்தயம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் மிலான் நகரத்து ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 46.159 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்திருந்தார். அவரும் டூருக்கு வரவில்லை. ஜூலை 5 அன்று ரான்ஸ் நகரில் புறப்பட்ட 120 பேரில், "இவர்தான் ராஜா" என்று கைகாட்ட ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் டூரில் கம்பெனி அணிகள் கிடையாது, தேசிய அணிகள்தான். பிரான்ஸுக்கு ஒரு தேசிய அணி. அதில் இடம் கிடைக்காத பிரெஞ்சுக்காரர்களுக்கு வட்டார அணிகள். அப்படிப்பட்ட வடகிழக்கு–மத்திய வட்டார அணியில்தான் வால்கோவியாக் இருந்தார். மோன்லுசோன் என்ற தொழில் நகரத்துக்காரர், வயது 29, போலந்திலிருந்து வந்த தொழிலாளியின் மகன். திறமை இல்லாதவர் அல்ல. முந்தைய ஆண்டு தொஃபினே பந்தயத்தில் போபேவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர். ஆனால் இரண்டாவதாக வந்தவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

ஏழாவது கட்டம், லோரியானிலிருந்து ஆன்ஜே வரை. சமவெளி. 31 பேர் பிரிந்து ஓடினார்கள். அந்தக் கட்டத்தை வென்றவர் இத்தாலியின் அலெஸ்ஸாந்த்ரோ ஃபாந்தினி. பெலோட்டான் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தது. அன்றுவரை மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆந்த்ரே தாரிகாத் அந்தத் தாமதக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். மஞ்சள் ஜெர்சி வால்கோவியாக் தோளுக்கு வந்தது.

இங்கேதான் கதையில் ஒரு மூளைக்காரர் நுழைகிறார். அணியின் மேலாளர் சோவர் துகாசோ. ஜெர்சியை இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னார் அவர். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் மஞ்சள் ஜெர்சி வைத்திருப்பவரின் அணிதான் தினமும் பெலோட்டானின் முன்னால் நின்று உழைக்க வேண்டும். ஓடுகிறவர்களையெல்லாம் துரத்த வேண்டும். ஒரு வட்டார அணிக்கு அந்தத் தெம்பு இல்லை. பத்தாவது கட்டத்தில் ஜெர்சி நெதர்லாந்தின் ஃபோர்ட்டிங் கைக்குப் போனது. பிறகு மறுபடி தாரிகாத், பெல்ஜியத்தின் ஆத்ரியான்ஸன்ஸ், நெதர்லாந்தின் வாக்ட்மன்ஸ் என்று கைமாறிக்கொண்டே இருந்தது. பத்திரிகைகள் ஜெர்சியின் பின்னால் ஓடின. வால்கோவியாக் பைரனீஸ் மலைகளைச் சத்தமில்லாமல் கடந்தார்.

பதினெட்டாவது கட்டம் டூரினிலிருந்து கிரெனோபிள் வரை. மோன் செனி, குவா த ஃபேர் என்று ஆல்ப்ஸ் மலைக் கணவாய்கள். லக்ஸம்பர்க்கின் ஷார்லி கோல் அன்று பறந்துபோய் வென்றார். வாக்ட்மன்ஸ் உடைந்துபோனார். வால்கோவியாக் உடையவில்லை. மலை ஏறுவதில் அரக்கர்களான கோல், ஸ்பெயினின் பஹமோன்தெஸ் போன்றவர்களிடம் தனக்கிருந்த நேர இடைவெளியைக் காப்பாற்றிக்கொண்டு கிரெனோபிளுக்கு வந்து, மஞ்சள் ஜெர்சியைத் திரும்ப வாங்கினார். இந்த முறை விடவில்லை. ஜூலை 28 அன்று பாரிஸில், தேசிய அணியின் ஜில்பேர் போவாங்கைவிட 1 நிமிடம் 25 விநாடி முன்னிலையில் டூரை வென்றார். 4,498 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 36.268 கிலோமீட்டர். அதுவரை நடந்த எந்த டூரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

*

வென்றவருக்குப் பிரான்ஸ் என்ன கொடுத்தது? ஒரு சொலவடையை. "அ லா வால்கோ" என்றால் வால்கோ மாதிரி, அதாவது குருட்டு அதிர்ஷ்டத்தில், உழைக்காமல் கிடைத்த வெற்றி. ஒரு மனிதனின் வாழ்நாள் சாதனையை அவன் பெயராலேயே வசையாக்குவதைவிடக் கொடுமையான தண்டனை இருக்க முடியுமா?

குற்றச்சாட்டுகள் இரண்டுதான். ஒன்று, ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் டூரை வென்றார். இரண்டாவது, ஆன்ஜேயில் கிடைத்த இனாம் நேரத்தை வைத்து வென்றார். இந்த இரண்டையும் மற்றவர்களின் கதையோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும்.

1990 டூரின் முதல் கட்டத்தில் நான்கு பேர் ஓடிப்போய்ப் பத்து நிமிடத்துக்கு மேல் சம்பாதித்தார்கள். அவர்களில் ஒருவரான இத்தாலியின் கிளாவ்தியோ கியாப்புச்சி, பந்தயம் முடிய ஒரு நாள் இருக்கும்வரை மஞ்சள் ஜெர்சியோடு மல்லுக்கட்டினார். கடைசியில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் அதைப் பறித்துக்கொண்டார். அந்த டூரில் லெமாண்டும் ஒரு கட்டத்தைக்கூட வெல்லவில்லை. ஆனால் அவரை யாரும் கேலி செய்யவில்லை. அவர் ஏற்கெனவே பெரிய ஆள். கியாப்புச்சியையோ இத்தாலி தலையில் தூக்கிவைத்துக்கொண்டது.

என் ஹாஸ்டல் அறைக்கும் திரும்பலாம். 2010 லாக்விலா கூட்டத்தில் ஸ்பெயினின் தாவித் ஆரோயோவும் இருந்தார். போர்ட் சில நாட்களில் ஜெர்சியை இழந்ததும், பதினான்காவது கட்டத்தில் அது ஆரோயோவிடம் வந்தது. பத்தொன்பதாவது கட்டத்தில் மோர்த்திரோலோ ஏற்றத்தில் பாஸோ அவரை விட்டுவிட்டுப் போனார். இறக்கத்தில் ஆரோயோ உயிரைப் பணயம் வைத்து இறங்கி, இழந்த நேரத்தில் பெரும்பகுதியைப் பிடித்ததை நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். ஆனாலும் அன்றைக்கு ஜெர்சி போய்விட்டது. வெரோனாவில் பாஸோ முதலிடம், 1 நிமிடம் 51 விநாடி பின்னால் ஆரோயோ. எல்லோரும் ஆரோயோவைப் புகழ்ந்தார்கள், நானும்தான்.

கியாப்புச்சியையும் ஆரோயோவையும் நாம் ஏன் கொண்டாடினோம்? இருவருமே கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் அசந்தபோது எடுத்ததை, பெரியவர்கள் விழித்துக்கொண்டதும் போராடி, அழகாகத் தோற்று, ஒப்படைத்துவிட்டார்கள். உலகம் பழையபடி சரியாகிவிட்டது. இனி பாராட்டுவதில் நமக்கு நஷ்டமில்லை. வால்கோவியாக் செய்த ஒரே குற்றம் திருப்பிக் கொடுக்காததுதான்.

அதிர்ஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. ஆனால் ஆன்ஜேயில் அந்த அதிர்ஷ்டம் 31 பேருக்கும் கிடைத்தது. மிச்சம் முப்பது பேரும் அதே காலையில், அதே சாலையில், அதே நிமிடங்களைத்தான் வாங்கினார்கள். அதற்கப்புறம் பதினைந்து கட்டங்கள், இரண்டு மலைத்தொடர்கள் இருந்தன. அத்தனையையும் தாண்டி அதைப் பாரிஸ்வரை கொண்டுபோனவர் ஒருவர்தான். பந்தய இயக்குநர் ழாக் கோதே கடைசிவரை வால்கோவியாக் தகுதியான வெற்றியாளர் என்றே சொல்லிவந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

*

1957 டூரில் வால்கோவியாக்கால் பாரிஸ்வரை வர முடியவில்லை. "பார்த்தீர்களா, நாங்கள்தான் சொன்னோமே" என்பதற்கு ஊருக்கு அது போதும். 1960இல் பந்தயங்களை விட்டார். ஒரு பார் நடத்திப் பார்த்தார். பிறகு மோன்லுசோனில் தொழிற்சாலை லேத்துக்கே திரும்பிப் போனார். டூரைப் பற்றிப் பேச நெடுங்காலம் மறுத்தார். 2017 பிப்ரவரி 6 அன்று 89 வயதில் இறந்தபோது, உயிரோடிருந்த டூர் வெற்றியாளர்களில் மூத்தவர் அவர்தான். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் அந்தச் சொலவடை தவறாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

லேத் முன்னால் நிற்கும் அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பக்கத்து மெஷின்காரர் எப்போதாவது கேட்டிருப்பாரோ, "என்ன இருந்தாலும் அந்த ஆன்ஜே நாள் மட்டும் இல்லேன்னா...?" என்று. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

கல்லூரி முடித்து வெகுநாள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா ஒருவர் பழைய பல்லவியைத் தொடங்கினார். "அன்னிக்கு அந்தப் பையன் வந்து சேர்ந்திருந்தா நீ எங்கடா இருந்திருப்ப?" வழக்கமாகச் சிரித்து மழுப்பிவிடுவேன். அன்று மட்டும் வாயில் வந்தது: "சீட்டுதான் சித்தப்பா சும்மா கிடைச்சது. எட்டு செமஸ்டரையும் நான்தான் எழுதினேன்."

அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரிடா, சாப்பிடப் போ" என்றார்.

வால்கோவியாக்குக்கு அப்படிச் சொல்ல ஒரு கல்யாண வீடு கிடைக்கவில்லையே என்று இலையில் உட்கார்ந்தபோது தோன்றியது.