இளவயதில் வரும் குடல் புற்றுநோய்: முதியவர்களுக்கு வருவதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மலத்தில் இரத்தம் தெரிந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை "சூடு". மோர் குடி, காரத்தைக் குறை, பிரியாணியைக் கொஞ்ச நாள் தொடாதே என்பார்கள். பெரும்பாலும் அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அறுபது வயதுக்காரருக்கு இரத்தம் போனால் உடனே பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறோம். முப்பது வயதுக்காரர் களிம்பும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். இளவயதில் இந்நோய் பல நேரம் முற்றிய பிறகே தெரியவர இது ஒரு முக்கியக் காரணம்.

யாருக்கு வருகிறது?

2022-இல் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இதனால் இறந்தனர். நோயாளிகளில் பெரும்பாலோர் இன்றும் 50 வயதைத் தாண்டியவர்களே. 50 வயதுக்கு முன் வந்தால் அதை இளவயது நோய் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

பல நாடுகளில் இந்த இளவயது நோய் கூடிவருகிறது. அமெரிக்காவில் 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களைவிட, 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கு என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறியது. இதனால் அங்கு அறிகுறி இல்லாதவர்களும் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயது 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைக்கப்பட்டது.

இந்தியாவில் மேலை நாடுகளைவிட இந்நோய் குறைவு. ஆனால் வருபவர்களில் இளையோரின் பங்கு அதிகம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை சுமார் 800 நோயாளிகளை ஆராய்ந்தபோது சராசரி வயது 47 என்று தெரிந்தது. நம் நாட்டு மக்கள்தொகையில் இளைஞர்கள் அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

நடிகர் சாட்விக் போஸ்மேனுக்கு 2016-இல் மூன்றாம் கட்டத்தில் நோய் கண்டறியப்பட்டது; 2020-இல், 43 வயதில் இறந்தார். கால்பந்து வீரர் பெலேவுக்குக் குடல் கட்டி அகற்றப்பட்டது 2021-இல். மறு ஆண்டு 82 வயதில் இறந்தார். நோய் ஒன்றுதான், அது வந்த வயதுதான் வேறு.

என்ன வேறுபாடு?

*இடம்:* இளையோருக்குப் பெரும்பாலும் மலக்குடலிலும் பெருங்குடலின் இடப்பக்கத்திலும் வருகிறது. வயது ஏற ஏற வலப்பக்கத்தில் வருவது கூடுகிறது.

*அறிகுறி:* இடப்பக்கக் கட்டியிலிருந்து வரும் இரத்தம் கண்ணுக்குத் தெரியும்; மலம் கழிக்கும் வழக்கமும் மாறும். வலப்பக்கக் கட்டியில் இரத்தம் மலத்தோடு கலந்து தெரியாமலே போகும். அத்தாவுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் களைப்பு என்று விட்டுவிடுகிறோம். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும்.

*தன்மை:* வேகமாகப் பரவக்கூடிய செல் வகைகள் இளையோரிடம் சற்று அதிகம். ஆனாலும் ஒரே கட்டத்தில் கண்டறியப்பட்டால் இளையோர் முதியவர்களுக்கு இணையாகக் குணமடைகிறார்கள். ஆகவே தாமதத்தைத் தவிர்ப்பதே முக்கியம்.

*பரம்பரை:* அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆய்வில், 50 வயதுக்குட்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குப் பரம்பரை மரபணு மாற்றம் இருந்தது. லிஞ்ச் நோய்க்குறி இதில் முக்கியமானது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால் மட்டுமே நோய் தரும் வகைகளும் உள்ளன. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

*சிகிச்சை:* அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் நோயின் கட்டத்தைப் பொறுத்தவை. முதியவர்களுக்குச் சர்க்கரை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் கவனித்தே மருந்தின் அளவு முடிவாகும். இளம் தம்பதியர் குழந்தைப்பேறு பற்றிச் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

எந்த வயதானாலும் இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போடக் கூடாது:

- மலத்தில் இரத்தம்
- சில வாரங்களாக நீடிக்கும் வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல்
- விடாத வயிற்றுவலி
- காரணம் தெரியாத இரத்தசோகை அல்லது எடை குறைவு

ரமலானில் தண்ணீர் குறைந்து மலச்சிக்கலும் மூலமும் தொல்லை தருவது உண்டு. பெருநாள் முடிந்தும் இரத்தம் நிற்கவில்லை என்றால் நோன்பைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வளைகுடாவில் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்வரையும், ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் லீவு கிடைக்கும்வரையும் காத்திருக்க வேண்டாம். கூச்சம் இருந்தால் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். கையுறை அணிந்த விரலால் செய்யும் ஒரு நிமிடப் பரிசோதனையிலேயே மலக்குடல் கட்டிகள் பல தெரிந்துவிடும். தேவைப்பட்டால் கொலனோஸ்கோபி செய்வார்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது இந்நோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பாக, எது முந்தியதோ அப்போது பரிசோதனை தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 42-இல் வந்திருந்தால் தம்பி 32-இல் பார்க்க வேண்டும்.

உணவு

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் தருவது என்றும், ஆடு, மாட்டிறைச்சியைத் தரக்கூடும் என்றும் வகைப்படுத்தியது. சமைத்த இறைச்சி வாரத்துக்கு அரை கிலோவுக்குள் இருப்பது நல்லது. கீரை, பருப்பு, காய்கறி கூட வேண்டும். புகையிலையை விடுவதும், எடையைக் கட்டுக்குள் வைப்பதும், உடலுழைப்பும் உதவும்.

அரக்கோணத்தார் எங்கே போகலாம்?

2023-இல் தமிழக அரசு வீடுதோறும் தொடங்கிய புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தில் ராணிப்பேட்டை மாவட்டமும் இருந்தது. ஆனால் அது வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கானது. குடலுக்கு நாமேதான் போய்க் கேட்க வேண்டும். முதலில் அரசு மருத்துவமனையில் காட்டலாம். அடுத்து காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை எட்டும் தூரத்திலேயே உள்ளன. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. குடும்ப அட்டையோடு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் விசாரியுங்கள்.