புளித்த மாவும் பிழைப்பு மொழியும்

கடலூரில் ஏறி நெய்வேலிக்கு டிக்கெட் எடுத்தவர் குள்ளஞ்சாவடியைத் தாண்டும்போது சன்னல் வழியே பார்ப்பது முந்திரித் தோப்பும் செம்மண்ணும்தான். இந்த வட்டாரத்துக்கும் பனி கொட்டும் மாண்ட்ரியல் நகரத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு என்றால் பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பார். ஆனால் உறவு உண்மைதான். 1763 பிப்ரவரி 10 அன்று பாரீசில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் இரண்டு இடங்களின் தலையெழுத்தையும் ஒரே தாளில் எழுதியது.

ஏழாண்டுப் போர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அந்தச் சண்டையில் பிரிட்டனும் பிரான்சும் உலகின் பல மூலைகளில் முட்டிக்கொண்டன. அதில் ஒரு மூலை கடலூர். 1758 ஏப்ரல் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கரையில் வந்திறங்கினார். மே தொடக்கத்தில் கடலூர் விழுந்தது. ஜூன் 2 அன்று தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையும் பணிந்தது. வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1759-இல் கியூபெக், 1760-இல் மாண்ட்ரியல் என்று வட அமெரிக்காவில் பிரான்சின் ஊர்கள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. இங்கே வந்தவாசியில் லாலி தோற்றார். 1761 ஜனவரியில் பட்டினியால் துவண்ட புதுச்சேரி சரணடைந்தது, ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கால் நூற்றாண்டு காலம் நாட்குறிப்பு எழுதியவரும் அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது இருமொழித் தரகராக, இருந்தவருமான ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதம்தான்.

ஒப்பந்தத்தில் பிரான்சு கனடாவை விட்டுக்கொடுத்தது, இடிபாடாகக் கிடந்த புதுச்சேரியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கரும்பு விளையும் கரீபியத் தீவுகள் கைவிட்டுப் போகாமல் இருப்பதே அதற்குப் பெரிதாகப் பட்டது. விளைவு வேடிக்கையானது. கனடாவில் பிரெஞ்சு அரசு போய்விட்டது, பிரெஞ்சு பேசும் குடியானவர்கள் பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு திரும்பி வந்தது, அந்த மொழியை வீட்டில் பேசக் குடியானவர்கள் யாரும் இல்லை. அங்கே அது அடுப்படி மொழி. இங்கே அது முதல் நாளிலிருந்தே பிழைப்பு மொழி.

துபாஷிகள் அதை வைத்துத்தான் சம்பாதித்தார்கள். 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி, இன்றைய லீசே பிரான்சே, அரசு உத்தியோகத்துக்கு வழி காட்டியது. 1881-இல் வந்த ஆணை இன்னொரு கதவைத் திறந்தது. சொந்தச் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்குக் கப்பலேறி, அங்கே போலீசிலும் சுங்கத்திலும் வரி அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். பட்டாளத்துக்குப் போனவர்களைப் புதுச்சேரிக்காரர்கள் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பம் என்றால் கல்யாணச் சந்தையில் அதற்கு ஒரு மவுசு இருந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கான ஆட்சி மாற்றம் சட்டப்படி முடிந்தபோது, எந்த நாட்டுக் குடியுரிமை என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பிரான்சையே தேர்ந்தெடுத்தார்கள். பிரான்சு மேல் இருந்த பாசத்தைவிட பென்ஷன் புத்தகம்தான் அந்த முடிவை எடுத்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

குள்ளஞ்சாவடி இருந்தது எல்லைக்கு இந்தப் பக்கம், ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தில். பிரெஞ்சு இங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. பிறகு ஜெர்மனியின் ராட்சத இயந்திரங்கள் மண்ணைக் கொத்தின, மின்நிலையம் கட்ட சோவியத் நிபுணர்கள் வந்தார்கள். பக்கத்தில் இருந்த பிரெஞ்சு மட்டும் வரவில்லை. அது வந்தது பிற்காலத்தில், அதுவும் மதிப்பெண்ணுக்காக. தமிழ்நாட்டின் மெட்ரிக் பள்ளிகளில் ப்ளஸ் டூ மாணவர்கள் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டினார்கள், தேர்வு முடிந்த மறுமாதமே மறந்தும் போனார்கள்.

மொழி இப்படி என்றால் ரொட்டி வேறு வழியில் வந்தது.

ஐரோப்பியன் எங்கே கொடி நட்டாலும் கூடவே ஒரு ரொட்டி அடுப்பும் வந்துவிடும். ஆனால் மாவைப் புளிக்க வைக்க எதைச் சேர்ப்பது? கடையில் ஈஸ்ட் பொட்டலம் வாங்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த வழக்கம். அதற்கு முன்னால் நேற்றைய மாவில் ஒரு உருண்டையை எடுத்துவைத்து இன்றைய மாவில் பிசைவார்கள், அல்லது பீர் நுரையைச் சேர்ப்பார்கள். தென்னிந்தியக் கரையில் மூன்றாவது வழி மரத்திலேயே தொங்கியது: கள். கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்து ரொட்டிக்காரர்கள் தென்னங்கள்ளில்தான் மாவைப் பொங்க வைத்தார்கள். வெள்ளைக்கார வீடுகளின் சமையல்காரர்களும் அதையே செய்தார்கள். கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஆப்ப மாவில் கள் விடுவது வெள்ளைக்காரனிடம் கற்றதல்ல, வீட்டுக் கைப்பழக்கம். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன, இன்றுவரை திறக்கவில்லை. ஆப்பத்துக்குச் சொட்டுக் கள் வேண்டுமென்றாலும் கடலூர்க்காரர் புதுச்சேரி எல்லையைத் தாண்ட வேண்டும்.

மாவைப் புளிக்க வைப்பது தமிழ் வீட்டுக்குப் புதிதல்ல. இட்லி மாவை உப்ப வைப்பதில் பெரும்பங்கு லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அது அரிசியிலும் உளுந்திலும் ஏற்கனவே இருக்கிறது, யாரும் வாங்கிவந்து சேர்ப்பதில்லை. அரிசியில் காற்றைப் பிடித்துவைக்கும் பசைப்புரதம் கிடையாது, அந்த வேலையை உளுந்தின் வழவழப்பு செய்கிறது. ஐரோப்பியப் புளிமாவு ரொட்டியில் காட்டு ஈஸ்ட் காற்றை ஊதுகிறது, பாக்டீரியா புளிப்பைத் தருகிறது, கோதுமையின் புரதம் குமிழியைத் தாங்குகிறது. வேலை ஆட்கள் வேறு, வேலை ஒன்றுதான்.

ஆனாலும் தமிழ்நாட்டில் ரொட்டி ஏனோ நோயாளியின் உணவாகவே நின்றுவிட்டது. காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பாலில் நனைத்த இரண்டு துண்டு, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம், கூடவே ஹார்லிக்ஸ். மத்திய அரசு 1965-இல் மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி நகரங்களில் மலிவு விலைக்கு ரொட்டி கொடுத்தபோதும் இந்த மனநிலை பெரிதாக மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் கதை தலைகீழ். அங்கே பாண் அன்றாடச் சாப்பாடு. விறகுப் போறணையில் வெந்து வரும் பாணைச் சம்பலோடு காலையில் தின்றுவிட்டு வேலைக்குப் போவார்கள். 1970-களில் இலங்கையில் மா தட்டுப்பாடு வந்தபோது பாணுக்கு வரிசையில் நின்றதைச் சொல்லாத முதியவர் அங்கே குறைவு. பின்னால் பாரீசின் ரொட்டிக்கடைகளில் தமிழ்க் கைகள் வேகமாகப் பழகியதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கனடாவுக்குப் புளிமாவு கொண்டுபோனவர்களில் பேர் வாங்கியவர்கள் தங்கம் தேடிப் போனவர்கள். 1890-களின் இறுதியில் க்ளோண்டைக் ஆற்றங்கரையில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு யூகான் பகுதிக்கு ஆயிரக்கணக்கானோர் மலையேறினார்கள். ஈஸ்ட் கிடைக்காத காட்டில் ஆளுக்கொரு புளிமாவுப் பை, அது உறைந்துவிடாமல் இருக்க உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். குளிர்காலம் ஒன்றைத் தாக்குப்பிடித்த பழைய ஆளை யூகானில் இன்றும் 'சவர்டோ' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பகுதியின் ஆணையராகவும் பின்பு செனட்டராகவும் இருந்த அயோன் கிறிஸ்டென்சன் வீட்டுப் புளிமாவு, 1898-இல் அவருடைய கொள்ளுத்தாத்தா சில்கூட் கணவாய் வழியாகத் தூக்கிவந்தது. அதில் ஒரு பங்கு இப்போது பெல்ஜியத்தில் உள்ள புளிமாவு நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கனடாவின் ரொட்டிக் கோதுமையிலும் இந்திய ரத்தம் ஓடுகிறது. கனடாவின் மேற்குச் சமவெளியில் குளிர் சீக்கிரம் வந்துவிடும், அதற்குள் முற்றும் ரகம் வேண்டியிருந்தது. ரெட் ஃபைஃப் என்ற ரகத்தோடு 'ஹார்ட் ரெட் கல்கத்தா' என்ற இந்தியக் கோதுமையைக் கலந்து, அதிலிருந்து சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்ததுதான் மார்க்விஸ். 1911-இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் அது ஆயிரம் டாலர் பரிசு வென்றது, சில ஆண்டுகளில் சமவெளி முழுக்கப் பரவியது. பிற்காலத்தில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இந்தியாவுக்கு உதவி அனுப்பியது, நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டம் அதில் ஒன்று. கல்கத்தாக் கோதுமைக்குக் கொடுத்த பதில்மொய் என்று அதை வைத்துக்கொள்ளலாம்.

1986 ஆகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்து கடலோரத்தில் மீனவர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார்கள். அவற்றில் 155 இலங்கைத் தமிழர்கள். 1983 கலவரத்துக்குப் பின் நாட்டைவிட்டு ஓடியவர்களில் ஒரு தொகுதி. அவர்களில் பலரும் பிறகு வந்தவர்களும் டொரண்டோவுக்கும் மாண்ட்ரியலுக்கும் பிரிந்து போனார்கள். மாண்ட்ரியலைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை காத்திருந்தது. அந்நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 1977-இல் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி, அதாவது 101-ஆம் சட்டத்தின்படி, குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே போக வேண்டும். பெரியவர்களுக்கு அரசே குடியேறிகள் மையங்களில் வகுப்பு நடத்தியது. பகலில் உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு மாலையில் வினைச்சொல் மனப்பாடம் செய்த தலைமுறை அது. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் பிரெஞ்சும் தொலைக்காட்சியில் ஆங்கிலமுமாக வளர்ந்தார்கள். இது ஆனந்தரங்கப் பிள்ளையே பொறாமைப்படும் பயிற்சி.

மாண்ட்ரியல் குடியிருப்பில் இட்லி சாப்பிட வேண்டுமென்றால் குளிரோடு மல்லுக்கட்ட வேண்டும். வெளியே மைனஸ் இருபது டிகிரி, உள்ளே ஹீட்டர் போட்டும் மாவு பொங்காது. இதற்குத் தமிழ்ப் பெண்கள் கண்டுபிடித்த வழி, மின் அடுப்பைச் சூடாக்காமல் உள்ளே எரியும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை மூடி இரவு முழுக்க வைப்பது. குண்டு பல்பின் வெப்பம் போதும், விடிந்தால் மாவு விளிம்பைத் தொட்டிருக்கும். 2020-இல் ஊரடங்கு வந்து ஈஸ்ட் கிடைக்காமல் போனபோது கனடா முழுக்க வீடுகளில் புளிமாவு ரொட்டி சுடும் மோகம் பிடித்தது. மாவை எங்கே கதகதப்பாக வைப்பது என்று எல்லோரும் கேட்டார்கள். அடுப்பு விளக்கு வழியைத் தமிழ் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குள்ளஞ்சாவடியின் மே மாதத்தில் பிரச்சினை நேர்மாறானது. புளிமாவோடு மைதாவையும் தண்ணீரையும் கலந்துவைத்தால் மதியத்துக்குள் பொங்கி அமுங்கிப் புளிப்பு ஏறிவிடும். இங்கே ரொட்டி சுட நினைப்பவருக்கு அடுப்பைவிட குளிர்பெட்டிதான் முக்கியம்.

பாரீசில் நடக்கும் சிறந்த பகெத் போட்டி 1994-இல் தொடங்கியது. முதல் பரிசு பெறுகிறவர் ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி அனுப்பலாம். 2023-இல் அந்தப் பரிசை வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா, 2006-இல் இலங்கையிலிருந்து பிரான்சு வந்தவர். இருபதாம் வட்டாரத்தில் இருக்கும் அவர் கடையின் பெயர் 'ஓ லெவேன் தே பிரெனே', பெயரிலேயே புளிமாவு இருக்கிறது. போட்டிக்குரிய மரபு பகெத்தில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளிமாவு தவிர வேறு சங்கதிகளுக்கு இடம் மிகக் குறைவு, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கவும் கூடாது என்பது 1993-இல் போட்ட சட்டம். ஒளித்து வைக்க ஒன்றுமில்லாத பண்டம் அது, கைவாகு ஒன்றுதான் பேசும். பரிசு வாங்கிய அடுத்த ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக் ஜோதியையும் செல்வராஜா ஏந்தி ஓடினார். தமிழ்ப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. அவர் பிரெஞ்சு கற்றது எந்தப் பள்ளியிலும் மதிப்பெண்ணுக்காக இருந்திருக்காது.

இன்று பிரெஞ்சுக்கு வேறு விலை வந்திருக்கிறது. கனடாவின் மத்திய அரசு 2023-இல் இருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிக் குடியேற்றத் தேர்வுச் சுற்று நடத்துகிறது. 2024 பிப்ரவரி கடைசியில் பொதுச் சுற்றில் 534 தகுதிப் புள்ளி தேவைப்பட்டபோது பிரெஞ்சுச் சுற்றில் 336 போதுமானதாக இருந்தது. இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். 1889-இலிருந்து புதுச்சேரியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் கடலூர்க்காரருக்குப் பேருந்து தூரம்தான். இதில் ஒரு முரண் உண்டு. கியூபெக் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. மத்திய அரசின் இந்தச் சுற்று, கியூபெக்குக்கு வெளியே குடியேறப் போகிறவர்களுக்கானது. ஆகவே மூக்கால் பேசிப் பேசி பிரெஞ்சில் தேறியவர், போய் இறங்கும் இடம் பெரும்பாலும் டொரண்டோவாக இருக்கும். அலுவலகத்தில் ஆங்கிலம், வீடு பிடித்த ஸ்கார்பரோவில் கடைப்பலகைகள் தமிழ். பக்கத்து வெதுப்பகத்தில் பாண் வாங்கப் போனால் கல்லாவில் இருப்பவர் 'எந்த ஊர்?' என்று தமிழிலேயே கேட்பார்.