வெண்டலின் கிரிம்: பனியை வென்ற குதிரைமசாலின் உழவர்

பயிர் ரகங்களின் வரலாறு பெரும்பாலும் ஆய்வு நிலையங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ரகம் வெளியான ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், உருவாக்கிய அறிஞர் என்று பதிவேடுகள் நீள்கின்றன. உழவரின் வயலிலேயே உருவாகி, அறிவியல் உலகம் பின்னால் வந்து கண்டறிந்த ரகங்களும் உண்டு. அவற்றுள் முன்வரிசையில் நிற்பது, குதிரைமசால் என்ற தீவனப்பயிரில் அமெரிக்காவின் ‘கிரிம்’ ரகம். ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த வெண்டலின் கிரிம் என்ற உழவரும் அவர் குடும்பமும் உலகுக்குத் தந்த கொடை அது.

பாடனிலிருந்து மின்னசோட்டாவுக்கு

கிரிம் 1818-இல், தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் நாட்டில் உள்ள கூல்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். அப்பகுதியில் தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை காணி சிறுத்தது. 1840-களில் உருளைக்கிழங்கை அழித்த நோய் ஏழைகளின் அடுப்பை அணைத்தது. 1848–49 புரட்சி பாடனில் ஒடுக்கப்பட்டது. இந்த நெருக்கடிகளுக்குப் பின், 1854-ஆம் ஆண்டில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் அமெரிக்காவில் வந்து இறங்கினர்.

கிரிம் குடும்பம் 1857-இல் கடல் கடந்தது. மனைவி யூலியானா, குழந்தைகள், கொஞ்சம் உடைமைகள். அவற்றோடு 7 முதல் 9 கிலோ வரை குதிரைமசால் விதை. மின்னசோட்டாவின் கார்வர் மாவட்டத்தில், சாஸ்கா என்ற ஊருக்கு அருகே அவர்கள் நிலம் வாங்கிக் குடியேறினர். அது டகோட்டா மக்களின் மண். 1851 ஒப்பந்தங்களின் வழியே அம்மக்கள் அதை இழந்திருந்தனர். 1862-இல் அந்த வேதனை போராக வெடித்தது. குடியேறியவர்களின் உழைப்பைப் போற்றும்போது இந்த இழப்பையும் சேர்த்தே நினைவுகூர்வது நம் கடமை.

பிழைத்த செடியின் விதை

1858 வசந்தத்தில் கிரிம் முதல் விதைப்பைச் செய்தார். மின்னசோட்டாவின் குளிர்காலம் பாடனில் அவர் அறிந்ததைவிட மிகக் கொடியது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரையும் இறங்கும். குதிரைமசால் ஆண்டுக்கணக்கில் நின்று பலன் தரும் பயிர். தரையை ஒட்டிய தூரில் உள்ள மொட்டுகளும், ஆழ்ந்த வேரில் சேர்ந்த மாவுச்சத்துமே அடுத்த பருவத்துக்கு அதை உயிர்ப்பிக்கும். கடுங்குளிர் தூரைக் கருக்கிவிட்டாலோ, மண் உறைந்து உறைந்து இளகும்போது வேர் மேலே தள்ளப்பட்டாலோ செடி மடிந்துவிடும். கிரிமின் வயலிலும் பெரும்பகுதி மடிந்தது.

ஆங்காங்கே சில செடிகள் பிழைத்தன. அவற்றின் விதையைச் சேர்த்து மறுபடி விதைத்தார். அடுத்த குளிரிலும் பல செத்தன, சில பிழைத்தன. மீண்டும் விதை எடுத்தார். 15 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உழைப்பு தொடர்ந்தது.

இதன் அருமை விதை எடுத்தவர்களுக்குப் புரியும். பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்தால் நல்ல தீவனம் கிடைக்கும். விதை வேண்டுமென்றால் அந்த அறுப்பை விட்டுக்கொடுத்து, காய் முற்றும் வரை காத்திருக்க வேண்டும். புது நாட்டில், மாடுகளை நம்பி வாழும் ஒரு குடும்பம் இன்றைய தீவனத்தைத் தியாகம் செய்து நாளைய விதையைத் தேடியது. அந்த முடிவின் சுமையைக் கிரிம் ஒருவரே தாங்கியிருக்க முடியாது. யூலியானாவும் பிள்ளைகளும் சேர்ந்தே தாங்கினர்.

இயற்கையும் துணை நின்றது. குதிரைமசால் பெரிதும் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை பெறும் பயிர். பிழைத்தவை மட்டுமே பூத்த வயலில், பிழைத்தவையே ஒன்றோடொன்று கலந்தன. குளிர் தாங்கும் பண்பு தலைமுறைதோறும் திரண்டது. கிரிம் கொண்டுவந்த விதையிலேயே ஊதாப்பூ குதிரைமசாலோடு, குளிர்நாட்டு மஞ்சள்பூ இனத்தின் இரத்தமும் கலந்திருந்தது என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. அந்தக் கலப்பு வேறுபாடுகளை வழங்கியது; அவ்வேறுபாடுகளிலிருந்து தக்கதைப் பிரித்தது குளிர்; பிரிந்ததை இழக்காமல் காத்தது கிரிமின் கை. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்த ரகம் உருவாகியிருக்காது.

அக்கம்பக்கத்தில் ஒரு செய்தி வழங்கிவந்தது. மக்காச்சோளம் அரிதாயிருந்த ஓர் ஆண்டில் கிரிம் கொழுத்த மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றாராம். மக்காச்சோளம் எங்கே கிடைத்தது என்று அண்டை வீட்டார் கேட்க, ஒரு மணிகூடப் போடவில்லை என்றும், தம் தீவனப்பயிரை மட்டுமே போட்டு வளர்த்ததாகவும் சொன்னாராம். அண்டை உழவர்களும் அவரிடமிருந்து விதை பெற்றனர். கார்வர் மாவட்டத்தில் பயிர் பரவியது.

அறிவியல் வந்த நாள்

மரபியல் விதிகளைக் கண்டறிந்த மெண்டலின் கட்டுரை 1866-இல் வெளிவந்தும், 1900 வரை அறிவியல் உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவ்விதிகள் மறுபடி கண்டறியப்பட்ட அதே 1900-இல்தான், எக்ஸெல்சியர் ஊரைச் சேர்ந்த ஆர்தர் லைமன், கார்வர் மாவட்டக் குதிரைமசாலின் சிறப்பை மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லட் ஹேஸின் பார்வைக்குக் கொண்டுவந்தார். கிரிம் 1890-இலேயே மறைந்துவிட்டார். தம் பெயரில் ஒரு ரகம் வழங்கப்படும் என்பதை அவர் அறியவில்லை.

அதன்பின் ‘கிரிம்’ வட மாநிலங்களெங்கும், கனடாவிலும் பரவியது. குளிர்ப்பகுதிகளில் பால்பண்ணைத் தொழில் ஊன்ற அது பெருந்துணை புரிந்தது. காற்றின் நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் சேர்த்து, கோதுமையால் இளைத்த மண்ணையும் தேற்றியது. பின்னர் பாக்டீரியா வாடல் நோய்க்கு அது தாளவில்லை. நோய் தாங்கும் புதிய ரகங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆயினும் வட அமெரிக்காவின் குளிர் தாங்கும் குதிரைமசால் ரகங்கள் பலவற்றின் மூதாதை அதுவே. 1924-இல் கிரிமின் பண்ணையில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. கிரிம் குடும்பம் வாழ்ந்த செங்கல் வீடு இன்று தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்று, பொதுப் பூங்காவுக்குள் பாதுகாக்கப்படுகிறது.

நமக்கான பாடம்

கிரிம் செய்ததைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் உண்டு. பனி தானே வேலையைச் செய்தது என்பது அவர்கள் வாதம். பனி எல்லார் வயலிலும்தான் பெய்தது. மடிந்த வயலை உழுது வேறு பயிரிட்டவர்கள் நடுவே, எஞ்சிய செடியில் விதையைப் பார்த்தது அவருடைய அறிவு. கூர்ந்து பார்த்தல், தேர்ந்தெடுத்தல், திரும்பச் செய்தல், முடிவுக்குப் பொறுத்திருத்தல் ஆகியவையே ஆய்வின் இலக்கணம். கிரிமின் உழவில் இவை நான்கும் இருந்தன.

நம் தோட்டங்களிலும் குதிரைமசால் வளர்கிறது. கிரிமைப் போலவே, நெல்லிலும் சிறுதானியத்திலும் காய்கறியிலும் வறட்சி தாங்கியதை, வெள்ளம் தாங்கியதைத் தனியே எடுத்து வைக்கும் பெண்களும் ஆண்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை ஆய்வாளர்கள் அவர்கள் வாழும் காலத்திலேயே தேடிச் செல்ல வேண்டும். ரகத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயரும், உடனுழைத்த குடும்பத்தாரின் பெயரும் இடம்பெற வேண்டும். கிரிமுக்கு வாழ்நாளில் கிடைக்காத இந்த நீதியை நம் உழவர்களுக்கு வழங்குவதே அவரைப் போற்றும் முறை.