பணிப்பயணமும் தாய்ப்பாலூட்டலும்

பணிப்பயணமும் தாய்ப்பாலூட்டலும் என்பது, கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துவரும் பெண் ஒருவர் அலுவல் நிமித்தம் வெளியூர் செல்ல நேரும்போது எழும் உடலியல், சட்ட, நடைமுறைச் சிக்கல்களையும் அவற்றுக்குக் கையாளப்படும் வழிகளையும் குறிக்கும். குழந்தை பிறந்து முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றும், அதன்பின் பிற உணவுகளுடன் இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பாலைத் தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் பேறுகால விடுப்பு பெரும்பாலும் ஆறு மாதங்களை ஒட்டியே முடிவதால், பரிந்துரைக்கப்படும் காலத்தின் பெரும்பகுதி தாய் பணிக்குத் திரும்பிய பின்னரே வருகிறது.

பால் சுரப்பின் இயல்பு

பால் சுரப்பில் இரண்டு இயக்குநீர்கள் முதன்மையானவை. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அதனை வெளியேற்றுகிறது. மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். பால் வெளியேற்றப்பட்டால் சுரப்பு தொடரும். எனவே குழந்தையைப் பிரிந்து செல்லும் தாய், குழந்தை பால் குடிக்கும் அதே இடைவெளியில், அதாவது ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, பாலைக் கையாலோ கருவியாலோ பீய்ச்சி எடுக்க வேண்டும். எடுக்கத் தவறினால் பால் கட்டிக்கொண்டு வலியும் வீக்கமும் உண்டாகும். சில வேளைகளில் காய்ச்சலுடன் கூடிய மார்பக அழற்சியாக மாறும். ஓரிரு நாள் தவறினாலே சிலருக்குச் சுரப்பு குறைந்து, ஊர் திரும்பியபின் குழந்தைக்குப் போதாமல் போவதுண்டு. பயணத்துக்குப்பின் பாலூட்டலை நிறுத்திவிடும் தாய்மாரில் பலர் அதை விரும்பி நிறுத்துவதில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

பூண்டு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை போன்றவை பாலைப் பெருக்கும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் வலுவாக உள்ளது. இவை சத்தான உணவுகளே. ஆயினும் அடிக்கடி பால் வெளியேற்றப்படுவதற்கு இவை மாற்றாகா.

சென்னைச் சூழல்

சென்னையின் மேற்கு மாம்பலம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் இச்சிக்கல் தெளிவாகத் தெரியும். கடற்கரை - தாம்பரம் புறநகர்த் தொடர்வண்டித் தடத்தில் அமைந்த மாம்பலம் நிலையத்தின் மேற்கே வீடுகளும், கிழக்கே தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு வணிகப் பகுதியும் உள்ளன. நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. இப்பகுதிப் பெண்கள் சிலர் நாள்தோறும் நகரின் மறுகோடி வரை வேலைக்குச் செல்கின்றனர். சிலர் மாதத்தில் சில நாட்கள் பெங்களூரு, மதுரை, மும்பை என வெளியூர் செல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். பாலுக்கு மட்டும் முன்னேற்பாடு தேவைப்படும்.

எழும்பூரிலிருந்து மதுரை செல்லும் பகல்நேர வைகை விரைவுவண்டியில் பயணம் ஏழு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. அதற்குள் குறைந்தது இருமுறை பால் எடுக்க வேண்டியிருக்கும். அமர்ந்து செல்லும் பெட்டிகளில் மறைவான இடம் கழிப்பறை ஒன்றே. அது பால் எடுப்பதற்குரிய இடமன்று. சன்னலோர இருக்கையும் ஒரு துப்பட்டாவுமே பெரும்பாலோரின் தீர்வாக உள்ளன.

தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் அமைக்கும் திட்டத்தை 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார். மாநிலம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் இவ்வறைகள் திறக்கப்பட்டன. அவ்வாண்டின் உலகத் தாய்ப்பால் வாரக் கருப்பொருளும் தாய்ப்பாலூட்டலும் வேலையும் என்பதே. பிற்காலத்தில் இவ்வறைகளிற் பல பூட்டிக்கிடப்பதாகவும் பராமரிப்பின்றி இருப்பதாகவும் நாளிதழ்கள் பலமுறை செய்தி வெளியிட்டன. மேலும் இவை குழந்தையுடன் வரும் தாயை எண்ணி அமைக்கப்பட்டவை. குழந்தை இல்லாமல், கையில் கருவியுடன் வரும் பெண்ணுக்கு மின்செருகியும் கை கழுவும் தொட்டியும் தேவை.

இதே காலத்தில் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் தொடங்கப்பட்டன. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டசு அவர்களால் நிறுவப்பட்டது. வங்கிப் பால் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் உரியது. பயணம் செல்லும் தாயின் நலமான குழந்தைக்கு அங்கிருந்து பால் பெற இயலாது.

சட்டங்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இலேயே வேலை நேரத்தில் பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு அரைமணி இடைவேளைகளை வரையறுத்தது. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன்கள் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரத்துடன் கூடுதலாக இரண்டு பாலூட்டல் இடைவேளைகளை அளித்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும், தாய் அங்கு நாளுக்கு நான்கு முறை சென்றுவர அனுமதியையும் கட்டாயமாக்கியது. இவ்விதிகள் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு விடுப்பு 2016-இல் ஒன்பது மாதங்களாகவும் 2021-இல் ஓராண்டாகவும் உயர்த்தப்பட்டது.

இவ்விதிகள் அனைத்தும் குழந்தை பணியிடத்துக்கு அருகில் இருப்பதாகக் கொண்டே எழுதப்பட்டவை. வெளியூர்ப் பயணத்தைப் பற்றி அவற்றில் தனி விதி ஏதுமில்லை. பயணத்தை ஒத்திவைப்பதும், குழந்தையையும் துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்வதும் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தவையாகவே உள்ளன. சிறு கடைகளில் வேலை செய்வோரின் நிலை இன்னும் கடினம். தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்திருத்தமே 2021-இல்தான் வந்தது.

பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் குறித்த வழக்கொன்றில், இந்திய உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது எனக் குறிப்பிட்டு, இவ்வசதிகளைச் செய்வதில் மாநிலங்கள் கவனம் செலுத்தப் பணித்தது.

புறப்படுவதற்கு முன்

ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையான குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லிலீட்டர் அளவு பால் குடிக்கும். எனவே பத்து மணி நேரப் பிரிவுக்கு ஏறத்தாழ 300 மில்லிலீட்டர் பால் இருப்பு தேவை. இதனை ஒரே நாளில் எடுக்க முயல்வது வீண். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே, நாளும் காலையில் ஒருமுறை கூடுதலாக எடுத்துச் சேர்ப்பது எளிது.

எடுத்த பாலை 25 பாகை செல்சியசு வரையான அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்களும், உறைநிலைப் பெட்டியில் ஆறு மாதங்கள் வரையும் வைக்கலாம். சென்னையின் மே மாத வெயில் 40 பாகையை எட்டக்கூடியது என்பதால் முதல் கணக்கு இங்கு அப்படியே பொருந்தாது. குளிரூட்டப்படாத சமையலறையில் பாலை வெளியே வைக்காமலிருப்பதே நல்லது. உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீண்டும் உறைய வைக்கலாகாது. பசும்பாலைப் போலத் தாய்ப்பாலைக் காய்ச்சக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவைப்பது தேவை. பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைத்தாலே போதும். பாலின் மேல் கொழுப்பு தனியாக மிதப்பது இயல்பு. அது கெட்டுப்போனதன் அறிகுறியன்று.

புட்டிக்கு மாற்றாகப் பாலாடை பரிந்துரைக்கப்படுகிறது. சங்கு என்றும் அழைக்கப்படும் இது, ஒரு பக்கம் மூக்குப்போல் நீண்ட சிறு கிண்ணம். முன்பு வெள்ளியிலும் வெண்கலத்திலும் செய்யப்பட்டது. இன்று எவர்சில்வரிலும் கிடைக்கிறது. தமிழ் வீடுகளில் பழங்காலம் முதல் புழங்கிவந்த இக்கருவி, இன்று இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்டப் பயன்படுகிறது. கழுவி வெந்நீரில் கொதிக்கவைப்பது எளிது; புட்டிக் காம்புக்குப் பழகிய குழந்தை மார்பை மறுக்கும் சிக்கலும் இதில் குறைவு. பழகாத கை முதல் சில நாட்கள் பாலைச் சிந்தும். ஆகவே பார்த்துக்கொள்பவர் தாய் வீட்டில் இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

பாலை எடுத்து வருதல்

பனிக்கட்டிப் பொதிகளுடன் கூடிய வெப்பக்காப்புப் பையில் பால் 24 மணி நேரம் வரை தாங்கும். இரவுநேரத் தொடர்வண்டியில் திரும்புவோருக்கு இது போதுமானது. விடுதியறைகளின் சிறு குளிர்ப்பெட்டிகள் பல போதிய குளிர்ச்சி தருவதில்லை. விடுதிச் சமையலறையின் உறைநிலைப் பெட்டியில் பெயரெழுதிய பையாகக் கொடுத்து வைப்பது வழக்கம்.

வானூர்திகளில் 2006 முதல் கைப்பையிலுள்ள நீர்மங்களுக்கு 100 மில்லிலீட்டர் வரம்பு பரவலாக விதிக்கப்பட்டது. குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலும் ஐக்கிய இராச்சியத்திலும் குழந்தை உடன் இல்லாத தாயும் தன் பாலைக் கைப்பையில் கொண்டுசெல்லலாம். ஆயினும் ஐக்கிய இராச்சியத்தில் உறைந்த பாலுக்குக் கைப்பையில் அனுமதியில்லை. இந்தியாவில் குழந்தையின்றிச் செல்வோர் வானூர்தி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டறிவது நன்று. ஐபிஎம் நிறுவனம் 2015-இல், ஐக்கிய அமெரிக்காவில் பணிப்பயணம் செல்லும் தன் பெண் ஊழியர்கள் எடுத்த பாலைக் குளிர்நிலையில் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தது.

கொண்டுவர வழியில்லாதபோதும் பாலை எடுத்துக் கொட்டிவிடுவதே, எடுக்காமல் விடுவதைவிட மேல். அது வீணன்று, அடுத்த நாள் சுரப்பு அதனால் காக்கப்படுகிறது.

திரும்பிய பின்

சில நாள் பிரிவுக்குப்பின் குழந்தை மார்பைத் தேடாமல் முகம் திருப்பக்கூடும். இது பெரும்பாலும் ஓரிரு நாட்களில் மாறும். அரைத் தூக்கத்திலிருக்கும்போது கொடுப்பதும், உடலோடு அணைத்து வைத்திருப்பதும் உதவும். இரவில் புரோலாக்டின் மிகுதியாகச் சுரப்பதால், திரும்பிய முதல் சில இரவுகளில் குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் குறைந்த சுரப்பு விரைவில் பழைய அளவுக்கு வருகிறது. காய்ச்சலும் மார்பில் சிவந்த வலியும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். அந்நிலையிலும் பொதுவாகப் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை.