விசிறி யாருக்கு வீசியது?

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதைதான். மோசிகீரனார் என்ற புலவர், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்குப் போகிறார். நடந்து வந்த களைப்பு. முரசு வைக்கிற கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிடுகிறார். அந்தக் குற்றத்துக்கு மன்னன் அவரை வெட்டிப் போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் கவரி எடுத்து வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாடலாக அது இருக்கிறது. தமிழுக்குக் கிடைத்த பெருமை என்று ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், நாமும் பரீட்சையில் எழுதினோம்.

ஆனால் இந்தக் கதை இத்தனை காலம் நினைவில் நிற்பதற்குக் காரணமே, அது தலைகீழாக நடந்தது என்பதுதான். மற்ற நாளெல்லாம் வீசிய கை வேறு, காற்று வாங்கிய உடம்பு வேறு. வீசிய கைகளுக்குப் பாடல் இல்லை. விசிறியின் வரலாற்றை அந்தக் கைகளின் பக்கமிருந்து கொஞ்சம் பார்ப்போம்.

வெள்ளையர் ஆட்சியில் அந்தக் கைகளுக்கு ஒரு பதவிப் பெயரே வந்தது: பங்கா இழுப்பவர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கம்பெனி அதிகாரிகளின் பங்களாக்களிலும் நீதிமன்றங்களிலும் தேவாலயங்களிலும் கூரையிலிருந்து பெரிய துணிச் சட்டங்கள் தொங்கின. அவற்றில் கட்டிய கயிறு சுவரில் போட்ட துளை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார், பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று முறை வைத்து. கை ஓய்ந்தால் கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு படுத்தபடியே இழுப்பார்கள். உள்ளே இருப்பவருக்குக் காற்று வரும், இழுப்பவரின் முகம் தெரியாது. துரைகள் தங்கள் அந்தரங்கத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனாலும் சேவை மட்டும் உள்ளே வரலாம், ஆள் வெளியே இருக்க வேண்டும் என்கிற அமைப்பு நமக்குப் புதிதா என்ன? ஊரும் சேரியும் அப்படித்தானே கட்டப்பட்டிருக்கின்றன.

இழுப்பவர் கண் அயர்ந்தால் காற்று நிற்கும், துரை விழித்துக்கொள்வார், உதை விழும். அந்த உதையில் செத்தவர்கள் உண்டு. பங்கா இழுப்பவர்களும் குதிரைக்காரர்களும் சமையல்காரர்களும் இப்படிச் செத்த வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஒரே பதில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: இந்தியக் கூலிகளுக்கு மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருக்கும், லேசாகத் தட்டினாலே கிழிந்துவிடும், ஆகவே இது கொலை அல்ல. மருத்துவச் சான்று தயாராக இருக்கும். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர் அடித்து அவருடைய குதிரைக்காரர் கட்வாரு இறந்தபோது விதிக்கப்பட்ட தண்டனை 30 ரூபாய் அபராதம். வைஸ்ராய் லிட்டன் 1876இல் அதைக் கண்டித்துக் குறிப்பு எழுதினார். உடனே இங்கிருந்த வெள்ளையர் பத்திரிகைகள் வைஸ்ராய் மீதே பாய்ந்தன. செத்தவனின் உடம்பில்தான் குறை என்று சொல்லும் இந்த வாதத்தை, மலக்குழி மரணங்களின் அறிக்கைகளைப் படிக்கும் தோழர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஈ.எம். ஃபார்ஸ்டர் 1924இல் எழுதிய 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலின் நீதிமன்றக் காட்சியிலும் ஒரு பங்கா இழுப்பவர் வருகிறார். தீண்டப்படாத மக்களில் ஒருவராக, சிலை போன்ற உடலோடு. வழக்கு என்னவென்றே தெரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார். ஃபார்ஸ்டர் அவரை ரசித்துத்தான் எழுதினார். ஒரு பெயர் வைக்கவில்லை.

பிறகு மின்சாரம் வந்தது. கல்கத்தாவில் 1899இல் மின் வழங்கல் தொடங்கியது. சென்னையில் அதற்கு முன்பே, 1895இல், மின்சார டிராம் ஓடியது. பணக்கார வீடுகளிலும் அலுவலகங்களிலும் சுழலும் மின்விசிறிகள் ஏறின, பங்காக்கள் இறங்கின. மின்சாரம் எட்டாத கச்சேரிகளில் மட்டும் 20ஆம் நூற்றாண்டிலும் கயிறு இழுபட்டது. ஒரு கொடுமையான வேலை ஒழிந்தது, சரி. ஆனால் அந்த வேலையைச் செய்தவர் வீட்டுக்கு அந்த விசிறி எப்போது வந்தது? ஊருக்குள் மின்கம்பம் நட்டுப் பல வருடம் கழித்துத்தான் காலனிக்குக் கம்பி இழுத்தார்கள். அப்போதும் குடிசைகளுக்குக் கொடுத்த இலவச இணைப்பின் பெயரே 'ஒரு விளக்குத் திட்டம்'. குடிசைக்காரருக்கு ஒரு குண்டு பல்பு போதும் என்பது அரசின் கணக்கு. அவருக்கும் வேர்க்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அதனால்தான் நம் தெருக்களில் மின்விசிறி வெறும் சாமானாக இருந்ததில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் என்ன நடந்தது என்று இளைய தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துக் கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்த தேவேந்திரர் கிராமம் அது. நூற்றுக்கணக்கான போலீசார் உள்ளே புகுந்தார்கள். தொலைக்காட்சி, மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் இயந்திரம், சைக்கிள், டிராக்டர் எல்லாம் அடித்து நொறுக்கப்பட்டன. துணிமணிகளோடு படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் எரிக்கப்பட்டன. அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஆயுதமா தேடினார்கள்? இவர்கள் வீட்டில் இது எப்படி இருக்கலாம் என்ற எரிச்சலைத்தான் தீர்த்துக்கொண்டார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோதும், பெங்களூரில் வேலை செய்து சேர்த்து வாங்கிய வீட்டுப் பொருட்கள்தான் குறிவைத்து அழிக்கப்பட்டன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'ஓலைக் குடிசைதான் குளுமை, கான்கிரீட் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது' என்று சில சூழலியல் நண்பர்கள் பேசுகிறார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை அது உண்மை. கீற்றுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவருக்குத் தெரியும். ஆனால் 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துத்தானே எரித்தார்கள்? தீ வைக்க முடியாத கூரை வேண்டும் என்பது எங்கள் அம்மாக்களின் தலைமுறையுடைய கனவு. இந்திரா குடியிருப்புத் திட்டம், 2010இன் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் என்று கான்கிரீட் வீடு வந்தபோது நாங்கள் நிம்மதியாகத்தான் தூங்கப் போனோம். புழுக்கம் பிறகுதான் தெரிந்தது. குறைந்த பணத்தில் கட்டிய வீடு, தாழ்ந்த தளம், ஒரு கதவு, ஒரு ஜன்னல். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிற தளம், இரவில் அதை உள்ளே கக்குகிறது. வேலை செய்து வந்த உடம்பு படுக்கிற நேரத்தில்தான் சுவர் கொதிக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைப் பார்க்க வேண்டும். இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள் என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பேசியவர்களை மறக்கமாட்டோம். பல வீடுகளில் முதல் விசிறியே அதுதான். மறு ஆண்டு, 2012இல், சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கும் மேல் மின்வெட்டு. விசிறி இருந்தது, மின்சாரம் இல்லை. பாட்டிகள் மறுபடியும் பனையோலை விசிறியை எடுத்தார்கள், விடிய விடியப் பேரப்பிள்ளைகளுக்கு வீசினார்கள்.

இருக்கிற விசிறியை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் பேசிவிடுவோம், அதுவும் அரசியல்தான். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் தோலின் மேல் காற்றை ஓட்டி வியர்வையை உலர்த்துகிறது, அதனால்தான் நமக்குக் குளுமை. ஆளில்லாத அறையில் ஓடினால் மின்சாரம்தான் வீண். கூரை விசிறி, தளத்தையொட்டித் தேங்கிய சூட்டையே கீழே தள்ளுகிறது. அதனால் வெயில் இறங்கி வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும், மேசை விசிறியை ஜன்னலோரம் வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். உள்ளே இருக்கும் அனல் ஜன்னல் வழியே வெளியேறும், கதவு வழியே புதுக் காற்று வரும். அடுப்படியில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் இந்த வேலை இன்னும் சுலபம். பகலில், வெளியே அனல் அடிக்கும்போது, ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விசிறிக் காற்று உடம்பைச் சூடாக்கவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியும் தண்ணீரும் நிழலும்தான் துணை. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது மலிவான வழி.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய கூரை விசிறி ஏறக்குறைய 75 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். இரண்டு விசிறி ஓடினால் 90. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதில் மீதி பத்துதான். பி.எல்.டி.சி. மோட்டார் போட்ட விசிறி 30 வாட் அளவில் ஓடும், அதே நேரத்துக்கு 18 யூனிட். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. ஆனால் அதிக நட்சத்திரம் என்றால் அதிக விலை. மின்சாரம் மிச்சமாகும் விசிறி வசதியானவர் வீட்டிலும், தின்கிற விசிறி கூலிக்காரர் வீட்டிலும் ஓடுகிறது. அடுத்த விலையில்லாத் திட்டத்தில் எந்த விசிறி என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

கதவைத் திறந்து வையுங்கள் என்று மேலே எழுதிவிட்டோம். எழுதும்போதே உறுத்தியது. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில், ஊர்க்காரன் வண்டி இரவில் சுற்றுகிற காலனியில், எந்த அம்மா கதவைத் திறந்து வைத்துப் படுப்பார்? கம்பிக் கதவு ஒன்றையும் எதிர்ச்சுவரில் இரண்டாவது ஜன்னல் ஒன்றையும் தொகுப்பு வீட்டின் வரைபடத்திலேயே கேட்கலாம்.

நாங்கள் தங்கிப் படித்த விடுதியில் ஒரு கூடத்தில் நாற்பது பேர் படுத்தோம். இரண்டு விசிறி, அதில் ஒன்று ஓடாது. ஓடுகிற விசிறிக்குக் கீழே யார் படுப்பது என்று தினமும் சண்டை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்கள் அங்கே படுக்கட்டும் என்று ஒரு மார்ச் மாதத்தில் நாங்களாகவே முடிவு செய்தோம். காப்பாளர் அறையில் விசிறி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.